சலைன் ஏறும் நேரம்: சொட்டுக் கணக்கின் வரலாறு

ஒரு பாட்டில் சலைன் நோயாளியின் உடலில் ஏறி முடிய எவ்வளவு நேரமாகும் என்பதை மூன்று எண்கள் சொல்லிவிடும். பாட்டிலில் எத்தனை மில்லிலிட்டர் இருக்கிறது, மாட்டியிருக்கும் ஐ.வி. செட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை சொட்டு விழும், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விடப்படுகிறது என்பவையே அவை. முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுத்தால் விடை நிமிடங்களில் கிடைக்கும். நர்சிங் முதலாண்டு மாணவிகூட மனத்திலேயே போட்டுவிடும் இந்தக் கணக்கு, மருத்துவத்தில் நிலைபெற நெடுங்காலம் பிடித்தது. சிரைக்குள் திரவத்தைச் செலுத்த முடியும் என்பது 17ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. எதைச் செலுத்தினால் உயிர் பிழைக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டில் தெரிந்தது. எவ்வளவு நேரத்தில் செலுத்த வேண்டும் என்ற கேள்வியோ 20ஆம் நூற்றாண்டில்தான் உரிய இடத்தைப் பெற்றது. மருந்தின் அளவில் நேரமும் ஒரு பகுதி என்பதை மருத்துவர்கள் கற்றுக்கொண்ட வரலாறு இது.

இறகுக் குழாயும் விலங்கின் பையும்

இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்பதை வில்லியம் ஹார்வி 1628இல் நூலாக எழுதி வெளியிட்டார். சிரையில் விட்ட ஒன்று இதயத்தை அடைந்து உடல் முழுதும் பரவும் என்பது அதிலிருந்து பிறக்கும் முடிவு. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ரென் 1656இல் அதைச் சோதித்துப் பார்த்தார். பிற்காலத்தில் லண்டனின் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய அதே ரென்தான். பறவை இறகின் தண்டைக் குழாயாகவும் விலங்கின் சிறுநீர்ப்பையைத் திரவப் பையாகவும் வைத்துக்கொண்டு நாயின் சிரைக்குள் மதுவையும் அபினையும் செலுத்தினார். 1667இல் பாரிஸில் ழான் பத்தீஸ்த் தெனியும், லண்டனில் ரிச்சர்ட் லோவரும் ஆட்டின் இரத்தத்தை மனிதருக்குள் ஏற்றினார்கள். விபரீதங்கள் நேர்ந்ததும் பிரான்சில் இது தடை செய்யப்பட்டது. பிற நாடுகளிலும் முயற்சி கைவிடப்பட்டது.

இந்தச் சோதனைகளில் வேகத்துக்குக் கணக்கே கிடையாது. பையை அழுத்தும் கையின் பலம்தான் வேகம். எவ்வளவு உள்ளே போயிற்று என்பதற்குக்கூட நம்பத்தக்க குறிப்பு அரிது. எத்தனை நிமிடத்தில் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

காலராவும் ஆறு பைண்ட் உப்பு நீரும்

வங்காளத்திலிருந்து புறப்பட்ட காலரா 1831இல் இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் துறைமுகத்தை எட்டியது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த வில்லியம் புரூக் ஓஷாக்னசி என்ற மருத்துவர் அங்கே சென்று நோயாளிகளின் இரத்தத்தைப் பகுத்துப் பார்த்தார். இரத்தம் தன் நீரையும் உப்புகளையும் பெருமளவு இழந்திருந்தது. இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதே சிகிச்சை என்று அவர் எழுதினார். ஓஷாக்னசி பின்னாளில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். இந்தியாவில் தந்திக் கம்பிகளை நிறுவியவரும் அவரே.

அவர் சொன்னதைச் செய்து காட்டியவர் ஸ்காட்லாந்தின் லீத் நகரத்து மருத்துவர் தாமஸ் லாட்டா. 1832 மே மாதம், நாடி நின்றுபோய் இறுதி மூச்சில் இருந்த ஒரு முதிய பெண்ணின் கைச் சிரையில் வெள்ளிக் குழாயைச் செருகி, சிரிஞ்சால் உப்பு நீரைச் செலுத்தினார். அவுன்ஸ் அவுன்ஸாக உள்ளே போயும் முதலில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. பிறகு மூச்சு சீரானது, குழி விழுந்த கண்களில் ஒளி வந்தது, நாடி திரும்பியது. அரை மணி நேரத்தில் ஆறு பைண்ட், அதாவது சுமார் 3 லிட்டர் ஏறியிருந்தது. அந்தப் பெண் எழுந்து பேசினார், வேடிக்கையாகவும் பேசினார். இனி ஆபத்தில்லை என்று எண்ணிய லாட்டா மருத்துவமனை மருத்துவரிடம் அவரை ஒப்படைத்துவிட்டுப் போனார். வாந்தியும் பேதியும் மீண்டும் தொடங்கின. லாட்டாவுக்குத் தகவல் வரவில்லை. அவர் போன ஐந்தரை மணி நேரத்தில் அந்தப் பெண் இறந்துபோனார்.

இதிலிருந்து லாட்டா கற்றது, ஒருமுறை ஏற்றுவது போதாது, இழப்பு தொடரும்வரை ஈடுகட்டுவதும் தொடர வேண்டும் என்பதே. பின்னர் வந்த ஒரு நோயாளிக்குப் பன்னிரண்டு மணி நேரத்தில் 330 அவுன்ஸ், ஏறத்தாழ 10 லிட்டர் கொடுத்துப் பிழைக்க வைத்தார். சிரைவழிச் சிகிச்சையில் கொடுத்த அளவும் எடுத்துக்கொண்ட நேரமும் சேர்ந்தே எழுதப்பட்ட முதல் பதிவுகளில் ஒன்று இது.

முதல் நோயாளியின் கணக்கை இன்றைய அளவில் போட்டுப் பார்க்கலாம். அரை மணியில் 3,000 மி.லி. என்றால் நிமிடத்துக்கு 100 மி.லி. ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் இன்றைய செட்டில் அது நிமிடத்துக்கு 2,000 சொட்டு. சொட்டாக விடவே முடியாத வேகம் இது. கடுமையான நீரிழப்பு கண்ட பெரியவர்களுக்கு இப்போது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் முதல் அரை மணியில் 30 மி.லி., அடுத்த இரண்டரை மணியில் 70 மி.லி. 50 கிலோ எடையுள்ளவருக்கு அது அரை மணியில் 1,500 மி.லி., பிறகு இரண்டரை மணியில் 3,500 மி.லி. மூன்று மணி நேரத்தில் மொத்தம் 5 லிட்டர். லாட்டாவின் முதல் வேகம் இதன் முதல் அரை மணி வேகத்தைப் போல் இரண்டு மடங்கு. அவர் தொடக்கத்தில் வேகமாக ஏற்றியது சரியான வழியே. முதல் நோயாளிக்கு அடுத்த கட்டம் கிடைக்காமல் போனதுதான் குறை.

லாட்டா 1833இல் காசநோயால் இறந்தார். காலரா ஓய்ந்ததும் அவருடைய முறையும் மறக்கப்பட்டது. சாகும் தறுவாயில் இருந்தவர்களுக்கே அது தரப்பட்டது. கரைசல்கள் கிருமி நீக்கப்படாதவை. பலவற்றில் இரத்தத்தில் இருப்பதைவிட உப்பு குறைவு. இந்தக் குறைகளை அடுத்த தலைமுறைகள் ஒவ்வொன்றாகத் தீர்த்தன. 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர், தவளையின் இதயம் துடித்துக்கொண்டே இருக்க உப்போடு கால்சியமும் பொட்டாசியமும் தேவை என்று கண்டார். நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் ஹார்டாக் ஹாம்பர்கர், 0.9 சதவீத உப்புக் கரைசல் மனித இரத்தத்தோடு பொருந்தும் என்று காட்டினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ், காலரா நோயாளியின் இரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்பதை அதன் ஒப்படர்த்தியால் அளந்து, அதற்கேற்ப உப்புச் செறிவு மிகுந்த சலைனைக் கொடுத்தார். எவ்வளவு ஏற்றுவது என்பதை ஊகத்திலிருந்து அளவைக்குக் கொண்டுவந்த பெரிய முன்னேற்றம் அது.

சொட்டு ஓர் அளவான விதம்

சொட்டு மருந்துக் கடைகளில் பழைய அளவு. ஆனால் நம்பத்தகாத அளவு. பாட்டிலின் வாய் அகலமானால் சொட்டு பெரிதாகும். சாராயக் கலவையின் சொட்டு தண்ணீர்ச் சொட்டைவிடச் சிறியது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே 1809ஆம் ஆண்டின் லண்டன் மருந்து நூல், சொட்டுக்குப் பதிலாக மினிம் என்ற கொள்ளளவை ஏற்றது. ஒரு திரவ அவுன்ஸை 480ஆகப் பிரித்ததில் ஒரு பங்கு மினிம்.

சொட்டின் எடை எதைப் பொறுத்தது என்பதை 1864இல் தாமஸ் டேட் விதியாக வகுத்தார். சொட்டு தொங்கும் குழாயின் ஆரமும் திரவத்தின் பரப்பு இழுவிசையும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. இதன் மறுபக்கம்தான் பிற்காலத்தில் பயன்பட்டது. குழாயின் வாயை ஒரே அளவில் செய்து, ஒரே வகைத் திரவத்தை விட்டால் எல்லாச் சொட்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விழும். அப்போது சொட்டை எண்ணுவதே அளப்பது ஆகிவிடும். மருந்து நூல் தள்ளிவைத்த சொட்டு, ஒரே சீராகத் தயாரிக்கப்பட்ட குழாயின் துணையோடு மருத்துவமனைக்குள் திரும்பி வந்தது.

இன்று இந்தியாவில் பரவலாகப் புழங்கும் பெரியவர்களுக்கான செட்டில் 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். அமெரிக்காவில் 10, 15 சொட்டு செட்டுகளும் உண்டு. குழந்தைகளுக்கும், துல்லியமாகக் கொடுக்க வேண்டிய மருந்துகளுக்கும் மைக்ரோ டிரிப் செட். அதில் மெல்லிய உலோகக் குழல் வழியே 60 சொட்டு விழுந்தால் ஒரு மில்லிலிட்டர். இந்த எண் செட்டின் உறையிலேயே அச்சாகியிருக்கும். சர்வதேசத் தர விதி 20 சொட்டுக்கு 1 மி.லி. என்று சொல்லும்போதே, அதில் 0.1 மி.லி. கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் அனுமதிக்கிறது.

வேகம் தீங்கு செய்யும் என்ற அறிவு

மெதுவாகக் கொடுப்பதன் பயனை முதலில் வலியுறுத்தியவர்களில் ஒருவர் சிகாகோ அறுவைச் சிகிச்சையாளர் ஜான் பெஞ்சமின் மர்ஃபி. வயிற்று உறை அழற்சி கண்டவர்களுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர் உப்பு நீரை ஆசனவாய் வழியாக, குடல் உறிஞ்சிக்கொள்ளும் வேகத்திலேயே மணிக்கணக்கில் விட்டார். அது மர்ஃபி டிரிப் என்று பெயர் பெற்றது. அதே எண்ணத்தைச் சிரைக்குக் கொண்டுவந்தவர் நியூ ஆர்லியன்ஸின் ருடால்ஃப் மாட்டாஸ். இடைவிடாத சிரைவழிச் சொட்டு முறையைப் பற்றி 1924இல் அவர் கட்டுரை வெளியிட்டார். அதுவரை சிரைவழித் திரவம் என்பது நெருக்கடியில் ஒருமுறை செய்யும் காரியம். மாட்டாஸுக்குப் பிறகு அது நாள் முழுதும் நடக்கும் சிகிச்சையாயிற்று. இரவும் பகலும் ஓடும் ஒன்றுக்கு வேகத்தைக் கணக்கிடாமல் இருக்க முடியாது.

நீண்ட நேரம் ஏற்றுவதற்கு இன்னொரு தடையும் இருந்தது. சலைன் ஏற்றிய பலருக்கு நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. கொதிக்க வைத்த நீரிலும் இது நேர்ந்தது. 1923இல் ஃப்ளோரன்ஸ் சைபர்ட், நீரில் வளர்ந்த பாக்டீரியா விட்டுச்சென்ற பொருள் கொதித்த பிறகும் எஞ்சி நின்று காய்ச்சலை உண்டாக்குகிறது என்று நிறுவினார். அதைத் தவிர்க்க நீரை வடிக்கும் கருவியையும் வடிவமைத்தார். 1931இல் அமெரிக்காவில் பாக்ஸ்டர் நிறுவனம் தயார்நிலைக் கரைசல்களைக் கண்ணாடி பாட்டில்களில் விற்கத் தொடங்கியது. மருத்துவமனைகள் தாங்களே கரைசல் தயாரிக்கும் வழக்கம் அதன்பின் குறைந்தது.

அதே 1931இல் நியூயார்க்கில் ஹிர்ஷ்ஃபெல்ட், ஹைமன், வாங்கர் மூவரும் முக்கியமான ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். சிரையில் செலுத்தப்படும் பொருள் விளைவிக்கும் கேடு, அந்தப் பொருளைப் பொறுத்தது மட்டுமல்ல, அது நுழையும் வேகத்தையும் பொறுத்தது என்று அவர்கள் காட்டினார்கள். மெதுவாக விட்டால் தாங்கிக்கொள்ளும் அளவையே வேகமாக விட்டால் இரத்த அழுத்தம் சரிந்து, மூச்சு தடுமாறியது. இதற்கு ஸ்பீட் ஷாக் என்ற பெயர் நிலைத்தது. 1935இல் லண்டனில் மாரியட், கெக்விக் இருவரும் இரத்தத்தையும் இப்படியே சொட்டுச் சொட்டாக, நீண்ட நேரம் எடுத்து ஏற்றும் முறையை விவரித்தார்கள். நேரம் சிகிச்சையின் பகுதி என்பதில் அதன்பின் ஐயம் இல்லை.

கைக்கடிகாரமும் கண்ணாடி அறையும்

தொடக்கத்தில் சிரையில் ஊசி போடுவதும் சொட்டைச் சரிசெய்வதும் மருத்துவர் வேலை. 1940இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஏடா பிளமர் இந்தப் பணிக்கென்றே அமர்த்தப்பட்டார். அவ்வாறு பொறுப்பேற்ற முதல் செவிலியர்களில் அவரும் ஒருவர். போர்க்காலத்திலும் அதன் பிறகும் பொறுப்பு முழுதாகச் செவிலியர் கைக்கு வந்தது. கணக்கும் அவர்களுடையதாயிற்று.

செவிலியர் செய்வது இதுதான். பாட்டிலுக்குக் கீழே, பாதியளவு திரவம் நிரம்பிய, சொட்டு விழும் அறையான டிரிப் சேம்பருக்குப் பக்கத்தில், விநாடி முள் உள்ள கடிகாரத்தை உயர்த்திப் பிடிக்கிறார். ஒரே பார்வையில் சொட்டும் முள்ளும் தெரிய வேண்டும். ஒரு சொட்டு விழும் நொடியில் எண்ணத் தொடங்கி, ஒரு நிமிடம் முழுதும் எண்ணுகிறார். வேண்டிய எண்ணிக்கை வரும்வரை, குழாயை இறுக்கும் ரோலர் கிளாம்பைக் கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டுகிறார். அவசரத்தில் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவதும் உண்டு. ஆனால் பதினைந்து விநாடிக்குப் பத்து சொட்டு விழும் இடத்தில் ஒன்றைத் தவறவிட்டால் கணக்கு பத்து சதவீதம் பிசகிவிடும்.

500 மி.லி. பாட்டில், 20 சொட்டு செட், நிமிடத்துக்கு 40 சொட்டு என்று வைத்துக்கொண்டால், 500ஐ 20ஆல் பெருக்க 10,000 சொட்டு. அதை 40ஆல் வகுக்க 250 நிமிடம். அதாவது 4 மணி 10 நிமிடம். காலை 8 மணிக்குத் தொடங்கிய பாட்டில் 12.10க்கு முடியும். நேரம் முன்பே தெரிந்து வேகம் தேவைப்பட்டால் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். 1,000 மி.லி.யை 8 மணி நேரத்தில் ஏற்ற, 20,000 சொட்டை 480 நிமிடத்தால் வகுக்க 41.7. சொட்டைப் பாதியாக விட முடியாது என்பதால் 42.

வார்டில் ஒவ்வொரு முறையும் இவ்வளவு நீளமாகப் போட நேரமிருக்காது. அதனால் குறுக்கு வழி பிறந்தது. 20 சொட்டு செட்டில் நிமிடச் சொட்டை மூன்றால் பெருக்கினால் மணிக்கு எத்தனை மி.லி. என்று தெரிந்துவிடும். 40 சொட்டு என்றால் மணிக்கு 120 மி.லி. 15 சொட்டு செட்டுக்கு நான்கால், 10 சொட்டு செட்டுக்கு ஆறால் பெருக்க வேண்டும். மைக்ரோ டிரிப்பில் பெருக்கவே வேண்டாம். 60 சொட்டு ஒரு மில்லிலிட்டர், 60 நிமிடம் ஒரு மணி என்பதால் நிமிடச் சொட்டும் மணிக்கான மில்லிலிட்டரும் ஒரே எண். குழந்தைகள் வார்டில் இந்த செட் விரும்பப்படுவதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

கணக்கு வழுக்கும் இடங்கள்

எண்ணி வைத்த சொட்டு அப்படியே நிற்பதில்லை. புவியீர்ப்பால் இறங்கும் திரவத்துக்குப் பாட்டிலின் உயரமே பலம். கட்டிலை உயர்த்தினாலும், நோயாளி எழுந்து உட்கார்ந்தாலும், முழங்கையை மடக்கினாலும் வேகம் மாறும். கிளாம்ப் அழுத்தியிருக்கும் பிளாஸ்டிக் குழாய் மெல்ல மெல்ல வடிவம் மாறுவதாலும் சொட்டு நகரும். அதனால்தான் ஒருமுறை சரிசெய்த பிறகு சில நிமிடங்கள் கழித்து மீண்டும் எண்ண வேண்டும் என்பது விதி.

குழாய்க்குள் நீர்மம் ஓடுவதன் விதியை பிரெஞ்சு மருத்துவர் ழான் புவாசெய் 1840களில் ஆராய்ந்து வெளியிட்டிருந்தார். ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்றாகும். குழாய் நீண்டாலும் திரவம் கெட்டியானாலும் ஓட்டம் குறையும். விபத்தில் இரத்தம் இழந்து வருபவருக்குப் வென்ஃப்ளான் என்ற சிரைக்குழலில் பச்சை நிற 18 கேஜோ அதைவிடப் பெரியதோ போடுவதும், கைக்குழந்தைக்கு மஞ்சள் நிற 24 கேஜ் போதும் என்பதும் இந்த விதியின்படியே. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த இரத்தம் சலைனைவிட மெதுவாக இறங்குவதும் இதனால்தான்.

செட்டின் உற்பத்தியில் அனுமதிக்கப்பட்ட பத்து சதவீத வேறுபாடும் சேர்ந்தால், 4 மணி 10 நிமிடம் என்ற விடை 25 நிமிடம் முன்பின் ஆகலாம். இதைச் சமாளிக்கச் செவிலியர்கள் கண்ட வழி எளியது. பாட்டிலின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு பிளாஸ்டர் துண்டை ஒட்டி, எந்த மணிக்குத் திரவம் எந்தக் கோட்டில் இருக்க வேண்டும் என்று பேனாவால் எழுதிவிடுவார்கள். கடந்து போகும் யாரும் ஒரு பார்வையில் தாமதத்தைக் கண்டுகொள்ளலாம்.

தாமதத்தைக் கண்டதும் வேகத்தைக் கூட்டி ஈடுகட்டிவிடத் தோன்றும். அதற்கும் எல்லை உண்டு. 8 மணி நேரத்தில் போக வேண்டிய 1,000 மி.லி.யில் 4 மணி முடிந்தும் 300தான் போயிருக்கிறது என்றால், மீதி 700ஐ 4 மணியில் விட நிமிடத்துக்கு 58 சொட்டு வேண்டும். 42இலிருந்து அது ஏறத்தாழ 40 சதவீத உயர்வு. 25 சதவீதத்துக்கு மேல் தாமாகக் கூட்டக் கூடாது, மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்று நர்சிங் பாடநூல்கள் பல சொல்கின்றன. இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவரின் நுரையீரலில் அந்த அவசரத் திரவம் தேங்கிவிடும். பொட்டாசியம் கலந்த பாட்டிலாக இருந்தால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம்.

எடைக்கு ஏற்ற நேரம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் நேரக் கணக்கு நோயாளியின் உடலோடு பிணைக்கப்பட்டது. 1957இல் அமெரிக்காவின் மால்கம் ஹாலிடே, வில்லியம் சேகர் இருவரும் குழந்தைக்கு ஒரு நாளில் தேவைப்படும் திரவத்துக்குச் சூத்திரம் தந்தார்கள். முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. 12 கிலோ குழந்தைக்கு 1,100 மி.லி. அதை 24 மணியால் வகுத்தால் மணிக்கு 46. மைக்ரோ டிரிப்பில் நிமிடத்துக்கு 46 சொட்டு. உடல் எடை தெரிந்தால் சொட்டு தெரியும் என்ற நிலை இப்படி வந்தது.

தீக்காயத்தில் நேரத்தின் அருமை இன்னும் கூர்மையாகத் தெரியும். டல்லஸ் நகரின் பார்க்லேண்ட் மருத்துவமனையில் சார்ல்ஸ் பாக்ஸ்டரும் டாம் ஷையர்ஸும் 1968இல் வகுத்த சூத்திரம், உடல் எடையையும் வெந்த பரப்பின் சதவீதத்தையும் பெருக்கி, அதை 4ஆல் பெருக்குகிறது. வருவது முதல் 24 மணியில் ஏற்ற வேண்டிய மி.லி. அதில் பாதியை முதல் 8 மணியில் ஏற்றிவிட வேண்டும். 60 கிலோ எடை, 30 சதவீதக் காயம் என்றால் 7,200 மி.லி. முதல் எட்டு மணிக்கு 3,600, அதாவது மணிக்கு 450. இந்த எட்டு மணி மருத்துவமனைக்குள் வந்த நேரத்திலிருந்து எண்ணப்படுவதில்லை, தீப்பட்ட நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது. இரண்டு மணி தாமதமாக வந்து சேர்ந்தவருக்கு மீதமிருப்பது ஆறு மணி. வேகம் மணிக்கு 600 மி.லி. ஆகிவிடும். 20 சொட்டு செட்டில் நிமிடத்துக்கு 200 சொட்டு. அதைக் கண்ணால் எண்ண முடியாது. பாட்டிலின் கோடுகளையும் கடிகாரத்தையும் பார்த்தே ஓட்ட வேண்டும். சூத்திரம் தொடக்கம் மட்டுமே. பிறகு மணிக்கு எவ்வளவு சிறுநீர் பிரிகிறது என்பதைப் பார்த்து வேகம் திருத்தப்படுகிறது.

பம்புகளின் வருகை

கண்ணாடி பாட்டில்கள் 1970களில் மெல்லப் பிளாஸ்டிக் பைகளுக்கு வழிவிட்டன. அதே காலத்தில் மின்கருவிகள் வந்தன. முதலில் வந்தவற்றுள் சில, டிரிப் சேம்பரில் ஒளிக்கதிரைப் பாய்ச்சி, விழும் சொட்டு அதை மறைப்பதை எண்ணின. செவிலியரின் கண் செய்ததையே அவை செய்தன. அடுத்து வந்த இன்ஃப்யூஷன் பம்புகள் சொட்டை விட்டுவிட்டு, மணிக்கு இத்தனை மி.லி. என்று நேரடியாகத் தள்ளின. ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்ற எண் தேவையற்றதாயிற்று. இருக்கும் மி.லி.யை மணிக்கான மி.லி.யால் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இது பெரும் வரம். டோபமைன் போன்ற மருந்துகள் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு, ஒரு நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று போக வேண்டியவை. உடல் எடையை ஆறால் பெருக்கி, அத்தனை மில்லிகிராம் மருந்தை 100 மி.லி.யில் கலந்தால், மணிக்கு 1 மி.லி. என்ற வேகம் கிலோவுக்கு நிமிடத்துக்கு 1 மைக்ரோகிராம் என்ற அளவைத் தரும். 'ஆறின் விதி' எனப்பட்ட இது பல ஆண்டுகள் மருத்துவர்களின் மனக்கணக்காக இருந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு செறிவில் மருந்து கலக்கப்படுவதால் குழப்பம் நேர்கிறது என்று பின்னர் பல இடங்களில் கைவிடப்பட்டது.

கருவி கணக்கைத் துல்லியமாக்கியது. கணக்கில் நேரும் பிழையையும் அதே துல்லியத்தோடு நிறைவேற்றியது. 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனில் மார்ட்டின் ரைட் தாலசீமியா நோயாளிகளுக்காக உருவாக்கிய சிறிய சிரிஞ்ச் டிரைவர், வலி நீக்கும் மருந்தைத் தோலடியில் மெதுவாகச் செலுத்தவும் பெரிதும் உதவியது. அதில் இரு வகை புழங்கின. நீல நிறக் கருவியின் எண் மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதைக் குறித்தது. பச்சை நிறக் கருவியின் எண் 24 மணி நேரத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதைக் குறித்தது. நீலத்தைப் பச்சையாக எண்ணினால் மருந்து 24 மடங்கு வேகத்தில் போகும். பிரிட்டனின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2010இல், மில்லிலிட்டரில் வேகம் காட்டும் கருவிகளுக்கு மாறும்படி அறிவுறுத்தியது. அமெரிக்காவில் 2005 முதல் 2009 வரை இன்ஃப்யூஷன் பம்புகள் தொடர்பாக ஏறத்தாழ 56,000 பாதிப்பு அறிக்கைகள் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்துக்கு வந்தன.

ஒரு வகுத்தல் விடுபட்டபோது

2006இல் கனடாவின் எட்மன்டன் நகரில் புற்றுநோய் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணுக்கு 5,250 மி.கி. ஃப்ளூரோயுராசில் நான்கு நாளில் போக வேண்டியிருந்தது. கரைசலின் செறிவு ஒரு மி.லி.க்கு 45.57 மி.கி. ஒரு நாளுக்கு 1,312.5 மி.கி., அதாவது 28.8 மி.லி. இதை 24ஆல் வகுத்தால் மணிக்கு 1.2 மி.லி. அந்தக் கடைசி வகுத்தல் விடுபட்டது. பம்பில் மணிக்கு 28.8 என்று பதிந்தார்கள். இரண்டாவது செவிலியர் சரிபார்த்தபோதும் பிழை அகப்படவில்லை. நான்கு நாள் மருந்து நான்கு மணியில் ஏறிவிட்டது. சில வாரங்களில் அந்தப் பெண் இறந்தார்.

2007இல் வெளியான ஆய்வறிக்கை இதைத் தனிமனிதரின் கவனக்குறைவாக மட்டும் பார்க்கவில்லை. லேபிளில் வேகம் எழுதப்பட்ட விதம், பம்பின் அமைப்பு, சரிபார்க்கும் முறை ஆகியவற்றையும் சேர்த்து ஆராய்ந்தது. பயன்படுத்தாத எண்களை லேபிளிலிருந்து நீக்குவது, இரண்டாமவர் முதலாமவரின் தாளைப் பார்க்காமல் தனியாகக் கணக்கிடுவது போன்ற நடைமுறைகள் வலுப்பெற்றதற்கு இத்தகைய நிகழ்வுகளே காரணம்.

பம்பு இல்லாத வார்டுகளில், தமிழ்நாட்டிலும் பிற இடங்களிலும், ரோலர் கிளாம்பும் கடிகாரமும் இன்றும் வேலை செய்கின்றன. டயல் ஃப்ளோ என்ற திருகு அளவி பொருத்திய செட்டிலும் எண்ணிப் பார்த்தே நம்ப வேண்டும். பம்பு இருக்கும் இடத்திலோ கணக்கு இரு திசையிலும் போடப்பட வேண்டும். மருத்துவர் எழுதிய நேரத்திலிருந்து வேகத்தைக் கண்டதோடு நிறுத்தாமல், பையில் இருக்கும் மி.லி.யைப் பம்பில் பதிந்த வேகத்தால் வகுத்து, வரும் நேரம் சீட்டில் உள்ள நேரத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். எட்மன்டனில் நான்கு நாளைக்கான திரவம் சுமார் 115 மி.லி. அதை 28.8ஆல் வகுத்தால் 4 மணி. சீட்டில் இருந்ததோ 4 நாள். பிழையைக் காட்டிக்கொடுக்க அந்த ஒரு வகுத்தலே போதும். பம்பைத் தொடங்குவதற்கு முன் அதைப் போட்டுப் பார்ப்பது ஒவ்வொரு செவிலியருக்கும் மருத்துவருக்கும் கடமை.